எவ்வளவு வந்தது, எப்போது முடியும்: கட்டளை வரியில் பதிவிறக்க முன்னேற்றம்

திருச்சியை அடுத்த ஜீயபுரம் பக்கம் காவிரித் தண்ணீரை நம்பி வயல் வைத்திருப்பவர்கள் தினமும் மூன்று எண்களைப் பார்ப்பார்கள். மேட்டூரில் இருப்பு எத்தனை டி.எம்.சி., வரத்து நொடிக்கு எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது ஒரு டி.எம்.சி. அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்னும் எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும், முக்கொம்புக்கு எப்போது வந்து சேரும், நாற்று விடலாமா என்பதையெல்லாம் முடிவு செய்கிறார்கள். இருப்பை மட்டும் சொன்னால் போதாது, ஓட்டத்தை மட்டும் சொன்னாலும் போதாது. இரண்டும் சேர்ந்தால்தான் நாள் கணக்கு கிடைக்கும்.

கணினியில் கோப்பைப் பதிவிறக்கும் நிரலும் தன் பயனருக்கு இதே போன்ற மூன்றைத்தான் சொல்ல வேண்டும்: எவ்வளவு வந்தது, என்ன வேகத்தில் வருகிறது, எப்போது முடியும். உலாவியில் இதற்குப் பட்டை, வட்டம், நிறம் என்று பல வசதிகள் உண்டு. கட்டளை வரியில் கிடைப்பது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில் என்ன எழுதுவது, எந்தக் கணக்கில் எழுதுவது, எப்போது எழுதாமல் இருப்பது என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிரலாளர்கள் பல விடைகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். அவற்றில் எது நன்றாக நிற்கிறது, எது தடுமாறுகிறது, தமிழ்க் கோப்புப் பெயர் உள்ளே வந்தால் என்ன ஆகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

வேகமான இணைப்பு வந்துவிட்டபின் இது பழைய கவலையாகத் தோன்றலாம். இந்தியாவில் அகலப்பட்டை என்று அழைக்கக் குறைந்தபட்ச வேகம் 2004இல் நொடிக்கு 256 கிலோபிட், 2013இல் 512 கிலோபிட், 2023 ஜனவரியில் 2 மெகாபிட் என்று உயர்ந்தது. 100 எம்.பி. கோப்பு ஒன்று 256 கிலோபிட்டில் வர 52 நிமிடம் ஆகும். 2 மெகாபிட்டில் ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் கோப்புகளும் கூடவே வளர்ந்துவிட்டன. லினக்ஸ் நிறுவல் கோப்பு, தமிழ் விக்கிப்பீடியாவின் மொத்தத் தரவு, மொழி மாதிரிகள் எல்லாம் நூற்றுக்கணக்கான எம்.பி.யிலும் ஜி.பி.யிலும் வருகின்றன. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் தினசரி அளவு தீரும் நேரத்தில், அல்லது மின்சாரம் போகும் என்று தெரிந்த நேரத்தில், காத்திருப்பதா, நிறுத்திவிட்டு இரவில் தொடர்வதா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 2012இல் சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் பதிவிறக்கம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முடிவெடுக்க உதவுகிறதா என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொரு நிரலையும் எடைபோடுகிறேன்.

தொடக்கத்தில் இருந்தது வெறும் அடையாளக் குறி. பழைய எஃப்.டி.பி. நிரலில் 'ஹாஷ்' என்று கட்டளையிட்டால், குறிப்பிட்ட அளவு பைட்கள் வந்ததும் ஒரு # குறி திரையில் விழும். 1996இல் குரோவேஷியாவைச் சேர்ந்த ஹர்வோயே நிக்சிச் வெளியிட்ட டபிள்யூகெட் என்ற பதிவிறக்க நிரல் புள்ளிகளை வைத்தது. ஒரு கே.பி.க்கு ஒரு புள்ளி, பத்துப் புள்ளிக்கு ஒரு இடைவெளி, ஐம்பது புள்ளிக்கு ஒரு வரி. பெரிய கோப்புகளுக்கு ஒரு புள்ளி 8 கே.பி., 64 கே.பி., ஒரு எம்.பி. என்று மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. புள்ளிகளுக்கு இன்றும் ஒரு நற்குணம் இருக்கிறது. அவை ஒருமுறை எழுதப்பட்டபின் மாறுவதில்லை. அச்சிடும் கருவியிலும் பதிவுக் கோப்பிலும் அப்படியே நிற்கும்.

ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும் பட்டை பின்னால் வந்தது. அதன் அடிப்படை, தட்டச்சுப் பொறியும் டெலிடைப்பும் விட்டுச்சென்ற ஒரு கட்டளை. ஆஸ்கி வரிசையில் 13ஆவது குறி, கர்சரைக் கீழே இறக்காமல் வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். அதற்குப்பின் எழுதுவது பழையதன்மேல் விழும். இதில் புதிதாக நிரல் எழுதும் எல்லோரும் ஒரு தடவையாவது சிக்கும் இடம் ஒன்று உண்டு. '100 கே.பி.' என்று எழுதியதன்மேல் '98 கே.பி.' என்று எழுதினால் இரண்டாவது வரி ஓர் எழுத்து குறைவு. பழைய வரியின் கடைசிக் குறி அழியாமல் வாலாக நிற்கும். ஒவ்வொரு முறையும் வரியின் மீதிப் பகுதியைத் துடைக்க வேண்டும், அல்லது எண்களை ஒரே அகலத்தில் எழுத வேண்டும்.

முன்னேற்றத்தைக் காட்டுவது பயனருக்கு உண்மையில் தேவையா என்று முறையாகச் சோதித்தவர்களில் முன்னவர் ப்ராட் மையர்ஸ். எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டும் பட்டையை மக்கள் விரும்புகிறார்கள் என்று அவருடைய 1985ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அதன்பின் விவாதம் 'காட்டலாமா' என்பதிலிருந்து 'எதைக் காட்டுவது' என்பதற்கு நகர்ந்துவிட்டது.

இதில் மிகக் கடினமான எண் வேகம். வந்த பைட்டை எடுத்த நேரத்தால் வகுத்தால் போயிற்று என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் எந்த நேரம்? ஒவ்வொரு முறை தரவு வாசிக்கும்போதும் கணக்கிட்டால் எண் துள்ளும். இயக்குதளம் வலையிலிருந்து வந்ததைத் தன்னிடம் சேர்த்துவைத்துக் கொடுப்பதால், 16 கே.பி. ஒரு மில்லி நொடியில் கிடைத்துவிடும். அடுத்தது 200 மில்லி நொடி கழித்து வரும். முதல் கணக்கில் வேகம் நொடிக்கு 16 எம்.பி., அடுத்ததில் 80 கே.பி. இரண்டும் இணைப்பின் உண்மை வேகத்தைச் சொல்லவில்லை.

மறுகோடிக்குப் போய்த் தொடக்கத்திலிருந்து மொத்தச் சராசரி எடுத்தால் எண் அமைதியாக இருக்கும், ஆனால் நடப்பை மறைத்துவிடும். பத்து நிமிடம் நொடிக்கு 400 கே.பி. வீதம் வந்த பதிவிறக்கம் அப்படியே நின்றுபோனது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் கழித்தும் மொத்தச் சராசரி 364 கே.பி. என்று சொல்லும். ஒரு பைட்கூட வராதபோது அந்த எண்ணைப் பார்ப்பவர் எல்லாம் நன்றாக நடக்கிறது என்றே நினைப்பார்.

எனவே நல்ல நிரல்கள் அண்மைக் காலத்தை மட்டும் பார்க்கின்றன. சுவீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் வெளியிட்ட கர்ல் என்ற பதிவிறக்க நிரலின் முன்னேற்ற அளவி, மொத்தச் சராசரியை ஓரிடத்திலும் கடைசி ஐந்து நொடிகளின் வேகத்தை வேறோரிடத்திலும் காட்டும். இரண்டும் அருகருகே இருப்பதால், வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும். டபிள்யூகெட் குறைந்தது 0.15 நொடி நீளமுள்ள இருபது மாதிரிகளைச் சுழற்சியாக வைத்துக்கொண்டு, ஏறத்தாழ கடைசி மூன்று நொடிகளின் வேகத்தைச் சொல்கிறது. நிரல் பதிப்புகளைக் கையாளும் கிட் எட்டு மாதிரிகளை வைத்துக்கொள்கிறது. பைத்தானில் பரவலாகப் புழங்கும் முன்னேற்றப் பட்டை நூலகமான டிக்யூடிஎம் வேறு வழியில் போகிறது. புதிய அளவீட்டுக்கு 0.3 பங்கும் பழைய மதிப்புக்கு 0.7 பங்கும் கொடுத்துக் கலக்கிறது. எழுதுவதற்கு எளிது, நினைவகமும் தேவையில்லை. ஆனால் 400இலிருந்து வேகம் சுழியானால் இந்தக் கணக்கு 280, 196, 137, 96 என்று மெல்ல மெல்லத்தான் இறங்கும், சுழியைத் தொடவே தொடாது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று கணக்குக்கு வெளியே இருக்கிறது. புதிய தரவு வரும்போது மட்டும் வரியைப் புதுப்பிக்கும்படி எழுதினால், தரவு நின்றவுடன் வரியும் நின்றுபோகும். கடைசியாகக் காட்டிய '400 கே.பி.' அப்படியே திரையில் உறைந்து கிடக்கும். கையால் எழுதிய சிறு நிரல்களில் இது மிகப் பரவலான தவறு, பயனருக்கு அதிகக் கெடுதல் செய்வதும் இதுதான். டபிள்யூகெட் இதைக் கவனித்துக் கையாள்கிறது. தரவு வராவிட்டாலும் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை விழித்துப் பார்த்து வரியைத் திருத்தும். ஐந்து நொடிக்கு மேல் எதுவும் வராவிட்டால் பழைய வேகக் கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு, எண்ணுக்குப் பதில் சிறு கோடுகளைக் காட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்தக் கோடுகளை நான் மிகவும் மதிக்கிறேன். அதே நிரல் இயல்பாக 15 நிமிடம் ஒன்றும் வராமல் காத்திருந்த பின்னரே இணைப்பை முறித்து மறுபடி முயலும் என்பதால், அந்தப் பதினைந்து நிமிடமும் பயனருக்கு உண்மை நிலையைச் சொல்வது அந்தக் கோடுகள்தான். கர்லிலோ, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே குறிப்பிட்ட நொடிகள் போனால் நிறுத்திவிடு என்று நாமே சொல்லிவைக்கலாம்.

அடுத்தது மீதி நேரம். மற்ற இரண்டு எண்களும் நடந்ததைச் சொல்கின்றன, இது நடக்கப்போவதைச் சொல்கிறது. டபிள்யூகெட்டின் மூல நிரலைத் திறந்து பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. திரையில் காட்டும் வேகத்துக்கு அண்மைச் சராசரி, மீதி நேரத்துக்கு மட்டும் மொத்தச் சராசரி. இரண்டையும் வகுத்துப் பார்ப்பவருக்குக் கணக்கு உதைக்கும். ஆனால் அது வேண்டுமென்றே செய்தது. அண்மை வேகத்தை வைத்துக் கணித்தால் மீதி நேரம் கண்டபடி குதித்து நம்ப முடியாததாகிவிடுகிறது என்று அதன் ஆசிரியர் குறிப்பே எழுதிவைத்திருக்கிறார். முதல் மூன்று நொடிக்கு மீதி நேரத்தையே காட்டுவதில்லை. டி.சி.பி. இணைப்பு மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் எடுக்கும் என்பதால், அந்த நொடிகளில் செய்யும் கணிப்புக்கு மதிப்பில்லை. காட்டத் தொடங்கிய பின்னும் நொடிக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றுவதில்லை. இந்த மூன்று கட்டுப்பாடுகளும் சேர்ந்த அமைப்புதான் நான் பார்த்தவற்றில் சிறந்தது. ஆனாலும் பாதியில் வேகம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மொத்தச் சராசரி நம்பிக்கையை மிகைப்படுத்தும். தினசரி அளவு தீர்ந்து கைபேசி இணைப்பு சட்டென்று மெதுவாகும் நம் ஊர் நிலைமையில் இது அடிக்கடி நடக்கும். அப்போது மீதி நேரத்தை விட்டுவிட்டு வேகத்தைப் பார்க்க வேண்டும்.

நிறுத்தித் தொடரும் வசதிக்கு இங்கே தனி இடம் உண்டு. ஏற்கெனவே 300 எம்.பி. வந்த கோப்பைத் தொடரும்போது, அந்தப் பழைய 300ஐயும் வேகக் கணக்கில் சேர்த்தால் முதல் நொடியில் நொடிக்கு 300 எம்.பி. என்று காட்டும். டபிள்யூகெட் பழைய பகுதியைக் கூட்டல் குறியாலும் புதிய பகுதியைச் சமக் குறியாலும் வரைந்து, வேகத்துக்குப் புதியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது:

52%[++++++++++=====>              ]

நேற்று எங்கே நின்றது, இன்று எவ்வளவு வந்தது என்பது ஒரே பட்டையில் தெரிகிறது. மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இதைவிடப் பயனுள்ள வரைபடம் இல்லை.

மொத்த அளவைச் சர்வர் சொல்லாத நேரமும் உண்டு. துண்டு துண்டாக அனுப்பும் முறையில் முன்கூட்டியே அளவு தெரியாது. அப்போது விழுக்காடும் மீதி நேரமும் இல்லை. வந்த அளவையும் வேகத்தையும் மட்டும் காட்டி, ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு குறியை இங்கும் அங்கும் நகர்த்தினால் போதும். ஊகித்த விழுக்காட்டைப் போட்டு நிரப்புவது தவறு.

அலகுகளில் வரும் குழப்பம் சிறியதுதான், ஆனால் அதனால் எழும் சந்தேகம் பெரிது. இணைப்பு நிறுவனங்கள் பிட்டில் விற்கின்றன, நிரல்கள் பைட்டில் காட்டுகின்றன. 2 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் டபிள்யூகெட்டில் நொடிக்கு 244 கே.பி. என்றுதான் வரும். எட்டால் வகுத்து, பின் 1024ஆல் வகுத்த எண் அது. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் கோபப்படுவதற்குமுன் இந்த வகுத்தலைச் செய்து பார்க்கலாம். பிட்டில் காட்டச் சொல்லும் விருப்பமும் அந்த நிரலில் இருக்கிறது.

எழுதாமல் இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. முன்னேற்ற வரியைத் தரவு போகும் வழியில் அனுப்பினால் கோப்பே கெட்டுவிடும். அதனால்தான் கர்ல் அதைப் பிழைச்செய்தி போகும் தனி வழியில் அனுப்புகிறது. தரவே திரைக்குப் போகிறது என்றால் அளவியை நிறுத்திக்கொள்கிறது. மறுமுனையில் இருப்பது மனிதர் பார்க்கும் முனையமா, வெறும் கோப்பா என்று நிரல் இயக்குதளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டபிள்யூகெட் முனையம் இல்லை என்று கண்டால் பட்டையை விட்டுப் புள்ளிக்கு மாறிவிடும். இதைச் செய்யாத நிரலை இரவில் தானாக ஓடவிட்டால், காலையில் பதிவுக் கோப்பு முழுக்க ஒரே வரியின் ஆயிரக்கணக்கான பிரதிகள் கிடக்கும். திரை வாசிப்பான் துணையோடு கணினி பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கும் ஓயாமல் மாறும் வரி பெரும் தொல்லை. பத்து விழுக்காட்டுக்கு ஒரு வரி என்று எழுதும் எளிய முறை ஒன்றை எல்லா நிரலும் வைத்திருக்க வேண்டும்.

வரைவதற்கும் விலை உண்டு என்பது 2016 ஜனவரியில் பலருக்குப் புரிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் நிரலில் முன்னேற்றப் பட்டையை அணைத்தால் நிறுவல் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகிறது என்று பயனர்கள் அளந்து காட்டினார்கள். வேலையைக் காட்டும் வேலையே வேலையைத் தாமதப்படுத்தியது. நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் மனிதக் கண்ணுக்குத் தேவையில்லை. டபிள்யூகெட் அந்த அளவில்தான் நிற்கிறது, கர்லின் அளவி நொடிக்கு ஒருமுறையோடு நிறுத்திக்கொள்கிறது. கிட் சில வேலைகள் இரண்டு நொடிக்குள் முடிந்தால் எதையும் காட்டுவதே இல்லை.

பட்டையை உண்மைக்கு மாறாக வளைத்தால் காத்திருப்பு குறுகியதாகத் தோன்றும் என்ற ஆய்வுகளும் இருக்கின்றன. கிறிஸ் ஹாரிசனும் உடன் பணியாற்றியவர்களும் 2007இல், இறுதியில் வேகம் எடுக்கும் பட்டையை மக்கள் விரைவானதாக உணர்கிறார்கள், கடைசியில் தயங்கி நிற்பதை வெறுக்கிறார்கள் என்று கண்டார்கள். 2010இல், பட்டைக்குள் பின்னோக்கி நகரும் வரிகள் காத்திருப்பைச் சுமார் 11 விழுக்காடு குறைவாக உணரவைக்கின்றன என்றார்கள். மென்பொருள் நிறுவல் போன்ற வேலைகளுக்கு இது பொருந்தலாம். பதிவிறக்கத்துக்கு இது கூடாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே பயனர் அந்த எண்ணை நம்பிக் காசையும் நேரத்தையும் ஒதுக்குகிறார். பைட் கணக்கு துல்லியமாகக் கையில் இருக்கும்போது அதை வளைக்க எந்த நியாயமும் இல்லை.

இனி தமிழுக்கு வருவோம். ஒரு வரிப் பட்டை முழுவதும் ஓர் எண்ணிக்கையை நம்பி நிற்கிறது: இந்தச் சொல் திரையில் எத்தனை கட்டம் எடுக்கும் என்பது. 'ஜீயபுரம்' என்ற பெயருள்ள கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் படிக்கும் எழுத்து ஐந்து. யூனிகோடில் அது எட்டுக் குறியீடுகள், ஏனெனில் ஈகாரக் குறி, உகரக் குறி, புள்ளி மூன்றும் தனித்தனிக் குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 24 பைட். இணைய முகவரியில் எழுதினால் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கமுமாக விரிந்து 72 இடங்கள் ஆகிவிடும். முகவரியில் உள்ள பெயரிலேயே சேமிக்கச் சொன்னால் கர்ல் அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளும். 80 கட்ட முனையத்தில் ஓர் ஊர்ப்பெயரே வரியை நிரப்பிவிடுகிறது.

கட்டக் கணக்கு இன்னும் சிக்கலானது. யூனிகோடு வகைப்பாட்டில் ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் எடுக்காத குறிகள், உகரக் குறி இடம் எடுக்கும் குறி. இந்த வகைப்பாட்டைப் பின்பற்றும் பழைய நூலகங்கள் 'ஜீயபுரம்' என்பதற்கு ஆறு கட்டம் என்கின்றன. பைத்தானின் டபிள்யூசிவிட்த் நூலகம் 2023இல் வெளியிட்ட திருத்தத்தில் தமிழ் உள்ளிட்ட எழுத்துகளின் இத்தகைய குறிகளையும் சுழி அகலமாக மாற்றியது. அதன்படி ஐந்து கட்டம். நிரல் ஆறு என்று நினைத்து, முனையம் ஐந்து என்று வரைந்தால் பட்டையின் வலது முனை ஒரு கட்டம் தள்ளி ஆடும். நீளமான பெயரில் இந்தப் பிசகு கூடிக்கூடி வரி அடுத்த வரிக்கு மடங்கிவிடும். மடங்கிய வரியில் 13ஆவது குறி இரண்டாம் பாதியின் தொடக்கத்துக்குத்தான் கொண்டுபோகும் என்பதால், முதல் பாதி ஒவ்வொரு நொடியும் புதிதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டே போகும். கைபேசியில் டெர்மக்ஸ் என்ற முனையச் செயலியை வைத்துப் பழகும் மாணவர்கள் தமிழ்ப் பெயர் இல்லாமலே இதைப் பார்த்திருப்பார்கள். கர்லின் அளவி பல ஆண்டுகளாக 79 கட்ட அகலத்துக்கு வரையப்பட்டது, நிமிர்த்திப் பிடித்த கைபேசித் திரையில் அதற்கு இடமில்லை. டபிள்யூகெட் முனைய அகலத்தைக் கேட்டுச் சுருங்கும், ஆனால் 45 கட்டத்துக்குக் கீழே போகாது.

நீண்ட பெயரை வெட்டுவதிலும் இதே கதை. 20 பைட்டோடு வெட்டினால் ஏழாவது குறியீட்டின் நடுவில் கத்தி விழுந்து திரையில் கேள்விக்குறிப் பெட்டி வரும். குறியீட்டு எண்ணிக்கையில் வெட்டினால் பெட்டி வராது, ஆனால் 'ஜீயபுரம்' என்பது புள்ளியை இழந்து 'ஜீயபுரம' என்றோ உகரத்தை இழந்து 'ஜீயப' என்றோ நிற்கும். முழு எழுத்தாகப் பிரித்து வெட்டுவதே சரி. யூனிகோடு அதற்கான விதிகளை வரையறுத்திருக்கிறது, பைத்தானில் தமிழுக்கென்றே எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் நூலகத்தில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வசதி தயாராக இருக்கிறது.

ஆனால் என் பரிந்துரை இதைவிட எளிது. கோப்பின் பெயரை ஓடும் வரியில் வைக்கவே வேண்டாம். தொடக்கத்தில் ஒருமுறை தனி வரியில் முழுமையாக எழுதிவிட்டு, அதன்கீழே விழுக்காடு, வந்த அளவு, வேகம், மீதி நேரம் என்று எண்களை மட்டும் ஓடவிட்டால் அகலத் தகராறு முழுவதும் மறைந்துவிடும். முனையங்கள் எல்லாம் தமிழை ஒரே மாதிரி வரையும் நாள் வரும்வரை இதுதான் நம்பகமான வழி.

திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் பொறியியல் படிக்கும் மாணவர்கள் பயிற்சியாகப் பதிவிறக்க நிரல் எழுதும்போது, வேகமான கல்லூரி இணைப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிந்தது என்று விடாதீர்கள். நடுவில் இணைப்பைப் பத்து நொடி துண்டித்துப் பாருங்கள், வேகம் மாறுகிறதா என்று கவனியுங்கள். பாதியில் நிறுத்தித் தொடருங்கள். வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பி அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். கைபேசியின் குறுகிய திரையில் ஓட்டுங்கள். கடைசியாக உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் வைத்த ஒரு கோப்பை இறக்குங்கள். டபிள்யூகெட், கர்ல், கிட், டிக்யூடிஎம் எல்லாமே எவரும் பிழை தெரிவிக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள். அவற்றில் தமிழ்ப் பெயரால் வரி கலைவதைக் கண்டால், எந்த முனையம், எத்தனை கட்ட அகலம், எந்தப் பெயர் என்ற மூன்றையும் குறித்து அந்தந்தத் திட்டத்துக்கு எழுதி அனுப்புங்கள்.